நோயைத் தேடி நடப்பவர்கள் கையில் வரைபடத்தைக் கொடுங்கள்

மாவட்ட சுகாதார அலுவலர்களுக்கும், களப்பணியாளர்களுக்கான பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அம்மா, ஐயா,

வணக்கம். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு சுகாதார ஆய்வாளர். 19 வருடமாக இதே வேலை. காய்ச்சல் கணக்கெடுப்பு, குளோரின் பரிசோதனை, கொசுப்புழு ஆய்வு, பள்ளிக்கூடம், டீக்கடை, கோயில் திருவிழா என்று ஊர் ஊராகப் போய்வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைக் கற்கத் தொடங்கினேன். இன்றைக்கு என் வட்டாரத்துக் காய்ச்சல் பட்டியலை நானே வரைபடமாக்கிப் பார்க்கிறேன். மறுநாள் காலையில் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

இந்த மென்பொருள் மாவட்டத் தலைமையிடத்துக் கணினி அறையோடு நின்றுவிடக் கூடாது. கிராம சுகாதார செவிலியர் வரைக்கும், ஆய்வாளர் வரைக்கும் அது வந்து சேர வேண்டும். கற்றுக்கொடுக்கும் விதமும் மாற வேண்டும். இந்த இரண்டையும் கேட்கத்தான் எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்பது புரிய, நான் கற்ற கதையைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் எனக்குக் கிடைத்தது இரண்டு நாள் பயிற்சி. வேறொரு மாவட்டத்தில் நடந்தது. நடத்தியவர்கள் நல்லவர்கள், விஷயம் தெரிந்தவர்கள். ஆனால் பழகிப் பார்க்க அவர்கள் தந்தது அலாஸ்காவின் வரைபடம். அந்த மென்பொருளோடு மாதிரிக்காகக் கிடைக்கும் கோப்பு அது. அங்குள்ள விமான நிலையங்களுக்கு நிறம் கொடுத்தோம், ஏரிகளை எண்ணினோம், எந்த விமான நிலையம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தேடினோம். சொன்ன பொத்தானை எல்லாரும் சரியாக அழுத்தினோம். இரண்டாம் நாள் சாயங்காலம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அடுத்த திங்கட்கிழமை என் அலுவலக மேசையில் 64 பேர் கொண்ட காய்ச்சல் லைன் லிஸ்ட், அதாவது நோயாளிகளை ஒவ்வொருவராக வரிசையில் எழுதிய பட்டியல், இருந்தது. அதை எப்படி வரைபடத்தில் ஏற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. என்னோடு பயிற்சிக்கு வந்த பலருக்கு அந்த மென்பொருளோடு இருந்த உறவு அந்த வாரத்தோடு முடிந்தது.

என் உறவு அப்படி முடியாததற்குக் காரணம், அந்தப் பட்டியலில் எனக்குத் தெரிந்த குழந்தைகள் இருந்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. வீட்டில் மகளின் மடிக்கணினியில் மென்பொருளை இறக்கினேன். பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அலாஸ்காவில் இருந்த கேரி ஷெர்மன் என்பவர் 2002-ல் தொடங்கி வைத்தது இது. உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லக் காரணம், பயிற்சி பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி உரிமக் கட்டணம் பற்றியதுதான். அந்தக் கேள்விக்கே இங்கே இடமில்லை.

பட்டியலை முதல்முறை ஏற்றியபோது திண்டுக்கல்லில் ஒரு புள்ளிகூட விழவில்லை. எங்கே போயின என்று திரையைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தால், வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கடலில் பெரும்பாலானவை குவிந்து கிடந்தன. அட்சரேகை இருக்க வேண்டிய இடத்தில் தீர்க்கரேகையைக் கொடுத்திருந்தேன். திண்டுக்கல் ஏறக்குறைய வடக்கே 10.36, கிழக்கே 77.98. இடம் மாற்றிக் கொடுத்தால் 77.98 வடக்கு ஆகிவிடும், ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும். மீதி நாலைந்து புள்ளிகள் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் கிடந்தன. அவை களத்தில் இருப்பிடம் பதிவாகாமல் பூஜ்யம், பூஜ்யம் என்று வந்தவை. இரண்டு தவறும் புரிந்த ராத்திரியிலேயே, எங்கள் செவிலியர்கள் அனுப்பும் பட்டியலில் எங்கே பிழை வரும் என்பதும் புரிந்துவிட்டது. அலாஸ்கா கோப்பில் இது நடக்கவே நடக்காது. யாரோ சுத்தம் செய்து கொடுத்த கோப்பு அது.

அப்புறம் வட்டம் போடுவது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதிக தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த வீட்டைச் சுற்றிய நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். அதனால் ஒரு நோயாளி கிடைத்தால் சுற்றியுள்ள வீடுகளை எல்லாம் அலசுகிறோம். அந்தச் சுற்றை வரைபடத்தில் போடலாமே என்று 200 என்று கொடுத்தேன். உலகமே நிறைந்துவிட்டது. மென்பொருள் அந்த 200-ஐ மீட்டராக எடுக்கவில்லை, டிகிரியாக எடுத்துக்கொண்டது. ஒரு டிகிரி என்பது நம் பக்கத்தில் சுமார் 110 கிலோமீட்டர். மீட்டரில் அளக்க வேண்டுமானால் வரைபடத்தை மீட்டர் கணக்குக்கு மாற்ற வேண்டும். அதற்கான முறை பூமியை 6 டிகிரி அகலத்தில் 60 பட்டைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. 43-ம் பட்டையும் 44-ம் பட்டையும் சேரும் 78 டிகிரிக் கோடு எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே, திண்டுக்கல் நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே போகிறது. பழனி, கொடைக்கானல், வேடசந்தூர் எல்லாம் ஒரு பட்டை. நத்தம் வேறொரு பட்டை. எதை எடுப்பது? இந்தக் கேள்விக்கே இரண்டு வாரம் செலவழித்தேன். மாவட்டம் முழுவதற்கும் 44-ஐயே வைத்துக்கொண்டால் சில நூறு மீட்டர் வட்டத்துக்கு வரும் வித்தியாசம் பொருட்டே இல்லை என்பதுதான் விடை. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். கோவையிலோ தேனியிலோ இருப்பவருக்கு 43, சென்னையிலோ திருச்சியிலோ இருப்பவருக்கு 44. பயிற்சிக் கையேட்டில் ஒரு வரி எழுதினால் போதும்.

எழுத்து விஷயம் இன்னும் பெரிய தலைவலி. ஒரே ஊரின் பெயரை ஆங்கிலத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுகிறோம். ஒருவர் வேடசந்தூருக்கு எஸ் போடுகிறார், இன்னொருவர் சி எச். கடைசியில் வரும் 'தூ'வுக்கு ஒருவர் டி மட்டும், இன்னொருவர் டி எச். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஊர்தான். மென்பொருளுக்கு நாலு வேறு ஊர். மக்கள்தொகைப் பட்டியலையும் நோய்ப் பட்டியலையும் அது சேர்க்க மறுத்துவிடும். சரி, தமிழிலேயே எழுதுவோம் என்றால், யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர்கள் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். யூனிகோடில் இருப்பதையும் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். இன்னொரு சிக்கல், நம் ஊர்களில் புதுப்பட்டிக்குப் பஞ்சம் இல்லை. ஒரே வட்டாரத்தில் இரண்டு புதுப்பட்டி இருந்தால் பெயரை மட்டும் நம்பி எதையும் சேர்க்க முடியாது. ஒவ்வொரு கிராமத்துக்கும் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிப் பட்டியலில் ஒரு எண் இருக்கிறது. அந்த எண் எங்கள் லைன் லிஸ்டில் ஒரு பத்தியாக இருந்துவிட்டால் இந்தத் துன்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

எல்லை பற்றியும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் வருவாய்க் கிராமம், தாலுகா, மாவட்டம் என்ற எல்லைகளைத்தான் காட்டுகின்றன. நாம் வேலை பார்ப்பதோ துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், சுகாதார மாவட்டம் என்ற எல்லைகளுக்குள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அந்த 5,000 பேர் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிகிறார்கள் என்பது அந்தச் செவிலியரின் மனதிலும், நிலையத்துச் சுவரில் பெயிண்டால் எழுதிய படத்திலும் மட்டுமே இருக்கிறது. 2019-லும் 2020-லும் புதிய மாவட்டங்கள் வந்து தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் 38 ஆயின. இன்னமும் 32 மாவட்டக் கோப்பை வைத்துக்கொண்டு தென்காசியைத் திருநெல்வேலிக்குள் காட்டும் படங்களைப் பார்க்கிறேன். துணை சுகாதார நிலைய எல்லைகளை ஒரே கோப்பாக்கி, மாறும்போதெல்லாம் திருத்தி, எல்லாருக்கும் பொதுவாகக் கொடுப்பது களத்தில் இருக்கும் ஒருவரால் தனியாக முடிகிற வேலை இல்லை. அது உங்களால்தான் முடியும்.

இதுவரை சொன்னதெல்லாம் கருவியின் கஷ்டம். நான் இந்த மடலை எழுதக் காரணம் வேறு ஒரு சம்பவம்.

கோடை முடிந்து முதல் மழை பெய்த வாரம். ஒரு ஊராட்சியில் வாந்தி, வயிற்றுப்போக்கு. மூன்று நாளில் 30 பேருக்கு மேல். அந்த ஊராட்சியில் மூன்று மேல்நிலைத் தொட்டிகள். தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்று எல்லாருக்கும் தோன்றியது. எந்தத் தொட்டி என்பதுதான் கேள்வி. ராத்திரி உட்கார்ந்து வீடுகளைப் புள்ளிகளாக ஏற்றினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் எந்தத் தொட்டி பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து ஊரைப் பங்கு போட்டுக் காட்டும் வசதி மென்பொருளில் உண்டு. அதைப் போட்டேன். புள்ளிகள் இரண்டு தொட்டிகளுக்குச் சமமாகப் பிரிந்து நின்றன. அப்படியானால் தொட்டி காரணம் இல்லை, வேறு ஏதோ பொதுவான உணவு என்று குறிப்பு எழுதி வைத்தேன். இரண்டு நாள் முன்னால் ஒரு வீட்டு விசேஷம் நடந்திருந்தது. அங்கே சாப்பிட்டவர்களைத் தேடலாம் என்று இருந்தேன்.

காலையில் அந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். டீக்கடையில் டேங்க் ஆபரேட்டர் இருந்தார். எட்டாவது வரை படித்தவர், அறுபது வயதுக்கு மேல். படத்தைக் கையில் வாங்கி, தலைகீழாகத் திருப்பி, தெருக்களை விரலால் தொட்டுப் பார்த்தார். "சார், இந்த ரெண்டு தெருவுக்கும் இந்த டேங்க் தண்ணி போகாது. சிமெண்ட் ரோடு போட்டப்ப பழைய லைன் உடைஞ்சிருச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கத்து டேங்க்ல இருந்து கேட் வால்வு வச்சு இழுத்திருக்கோம். சாக்கடைய ஒட்டிப் போகும்" என்றார். அதே தாளில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

அந்தக் கோட்டை நான் படத்தில் ஏற்றிய உடனே எல்லாம் மாறியது. நாலைந்து பேர் தவிர அத்தனை புள்ளிகளும் அந்த ஒரே குழாயின் மேல் வரிசையாக நின்றன. வால்வுக் குழியைத் திறந்து பார்த்தோம். உள்ளே சாக்கடைத் தண்ணீர் தேங்கி, குழாய் இணைப்பு அதற்குள் மூழ்கியிருந்தது. இருபத்துநாலு மணி நேரமும் ஓடாத குழாயில் இது எவ்வளவு ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் ஓடும்போது கசிவு வெளியே போகும். நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, வெளியே நிற்கும் அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் திறந்ததும் முதல் குடத்தில் அதுதான் வரும். இணைப்பை மாற்றி, லைனைக் கழுவிவிட்டு, கடைசி வீட்டுக் குழாயில், குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பில் 0.2 காட்டும் வரை குளோரின் போட்டோம். அந்த வாரத்துக்குள் புதிய நோயாளிகள் நின்றுவிட்டார்கள்.

நான் மென்பொருளை மட்டும் நம்பியிருந்தால், விசேஷ வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லி அறிக்கை அனுப்பியிருப்பேன். மென்பொருள் இல்லாமல் ஆபரேட்டரை மட்டும் கேட்டிருந்தால், "எல்லா டேங்குக்கும் பிளீச்சிங் போட்டாச்சு சார்" என்ற பதிலோடு வந்திருப்பேன். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தன் மனதில் இருக்கும் குழாய்ப் பாதை எனக்குத் தேவைப்படும் என்று அவருக்கே தெரிந்தது. யார் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்ற வரைபடம் நான் தேடிய எந்த அலுவலகத்திலும் இல்லை. அவரைப் போன்றவர்களிடம்தான் இருக்கிறது. அவரிடம் அதை வாங்கப் படத்தோடு டீக்கடைக்குப் போக வேண்டும். தலைமையிடத்தில் இருந்து படம் போட்டு அனுப்புபவரால் அது முடியாது.

இது புதிதாக நான் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. லண்டனில் 1854-ல் சோஹோ பகுதியில் காலரா வந்து பத்து நாளில் 500 பேருக்கு மேல் இறந்தபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளை வரைபடத்தில் குறித்து பிராட் தெரு அடிபம்பைக் காட்டினார் என்று பயிற்சிகளில் சொல்வார்கள். அதில் இரண்டு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. எந்த பம்பு பக்கம் என்பதை அவர் நேர்கோட்டில் அளக்கவில்லை. தெருவழியே நடந்துபோனால் எது பக்கம் என்று பார்த்துக் கோடு போட்டார். நேர்கோட்டில் தொட்டிகளுக்கு ஊரைப் பங்கு போட்ட என் படத்தையும் சாக்கடையைத் தாண்டிப் போட்ட என் வட்டங்களையும் நினைத்தால் அந்தக் கோட்டின் அருமை புரிகிறது. இரண்டாவது, அந்தப் பகுதியில் வீடு வீடாகத் தெரிந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் பாதிரியார். ஸ்னோ சொல்வது தவறு என்று காட்டத்தான் அவர் விசாரிக்கத் தொடங்கினார். தெரிந்த வீடுகளிலேயே திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்த பிறகு, பம்புதான் என்று அவரே ஒத்துக்கொண்டார். பிராட் தெரு 40-ம் எண் வீட்டில் முதலில் நோய்வாய்ப்பட்ட குழந்தையைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அந்தக் குழந்தையின் துணி துவைத்த தண்ணீர் கொட்டிய குழி கிணற்றுக்குப் பக்கத்திலேயே கசிந்துகொண்டிருந்தது. பிராட் தெருவில் இருந்து வெகுதூரத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு அம்மாவும் இறந்திருந்தார். அந்த பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அதை வரவழைத்துக் குடித்தவர் என்பது அவருடைய மகனைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. தனியாக விலகி நிற்கும் புள்ளிக்கு விளக்கம் சொல்ல அந்த வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும்.

வரைபடமும் வீட்டு வாசலும் சேர்ந்து வேலை செய்த காலம் பின்னாலும் உண்டு. அசுத்தமான தண்ணீரில் பரவும் நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்க உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1993-ல் சேர்ந்து ஒரு வரைபடத் திட்டத்தைத் தொடங்கின. எந்தக் கிராமத்தில் நோய், எந்தக் கிராமத்தில் பாதுகாப்பான தண்ணீர் இல்லை என்று ஊர் ஊராகக் குறிக்கும் வேலை. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2000-ல் அந்த நோய் இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. அதற்குத் தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. ஊரும் கிணறும் தெரிந்த பணியாளர்கள் தேடித் தேடிப் போனதால் நடந்தது அது.

சரி, களப்பணியாளருக்குக் கற்றுக்கொடுக்கும்போது மென்பொருளோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டிய இரண்டு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பொத்தான்களைவிட அவை முக்கியம் என்பது என் எண்ணம்.

எண்ணிக்கையை அப்படியே நிறமாக்கினால் பெரிய ஊர் எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும். 40,000 பேர் உள்ள பேரூராட்சியில் 40 பேருக்குக் காய்ச்சல், 600 பேர் உள்ள குக்கிராமத்தில் 6 பேருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கைப் படத்தில் குக்கிராமம் வெளிறிப்போய்க் கண்ணிலேயே படாது. ஆயிரம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் பேரூராட்சியில் 1, குக்கிராமத்தில் 10. முதல் வண்டி எங்கே போக வேண்டும் என்பதே மாறிவிடுகிறது. ஆனால் அந்த விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 150 பேர் உள்ள ஊரில் ஒரே வீட்டில் இரண்டு பேர் படுத்தாலே அடர் சிவப்பாகிவிடும். மக்கள்தொகைக்குக் கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பு என்றால், அதன் பிறகு வளர்ந்த நகர்ப்புற ஓரங்கள் எல்லாம் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். நிறங்களைச் சம இடைவெளியில் பிரிப்பதா, ஊர்களைச் சம எண்ணிக்கையில் பிரிப்பதா என்ற ஒரு தேர்வை மாற்றினாலே அதே தகவல் வேறு படமாகிறது. இதையெல்லாம் ஒரு முறை தன் கையால் மாற்றிப் பார்த்தவர்கள், அப்புறம் எந்தப் படத்தையும் பார்த்த மாத்திரத்தில் நம்பவும் மாட்டார்கள், ஒதுக்கவும் மாட்டார்கள்.

அடுத்தது உங்களிடம் நேராகவே கேட்க வேண்டியது. சிவப்பாகத் தெரியும் பகுதியின் செவிலியருக்கு விளக்கம் கேட்டு மெமோ அனுப்பும் பழக்கம் வேண்டாம். என்னோடு வேலை பார்க்கும் ஒரு சிஸ்டர் ஒரு வீட்டையும் விடாமல் போவார். லேசான காய்ச்சலையும் எழுதிவிடுவார். அவருடைய பகுதிதான் எப்போதும் சிவப்பு. வீட்டுக்கே போகாமல் பூஜ்யம் எழுதும் இடம் பச்சையாக இருக்கும். ஒரு ஆய்வுக் கூட்டத்தில் திரையில் போட்ட அந்தச் சிவப்பைக் காட்டி அவரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அதற்கு அடுத்த மாதம் அவருடைய பட்டியலும் சுருங்கிவிட்டது. அந்த மாதத்தில் நாங்கள் எத்தனை காய்ச்சலைத் தவறவிட்டோம் என்பதை எந்த மென்பொருளும் எனக்குக் காட்ட முடியாது. பச்சையாக இருக்கும் இடத்துக்கும் போய், அங்கே எத்தனை வீடு பார்த்தார்கள் என்று கேட்கப் பழகுங்கள். நோயின் வரைபடத்துக்குப் பக்கத்தில், எத்தனை வீடு பார்க்கப்பட்டது என்ற வரைபடமும் இருக்க வேண்டும். கொசுப்புழு ஆய்வில் இதை நாம் எப்போதோ கற்றுக்கொண்டோம். 100 வீடு பார்த்ததில் எத்தனை வீட்டில் புழு என்றுதான் கணக்கு எழுதுகிறோம். காய்ச்சலுக்கும் அதே நியாயம்தான்.

மூன்றாவது விஷயம் என்னை உறுத்துவது. 2020-ல் கொரோனா வந்த வீடுகளின் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினோம், தகரம் அடித்தோம். நானும் ஒட்டியிருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் தெருவில் யாரும் பேசாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் போடும் ஒரு புள்ளியும் வாசலில் ஒட்டும் ஸ்டிக்கரும் ஒன்றுதான், படம் வாட்ஸ்அப்பில் போய்விட்டால் அதைவிட மோசம். காசநோய், தொழுநோய், எச்ஐவி போன்றவற்றில் ஒரு புள்ளி ஒரு குடும்பத்தின் கல்யாணப் பேச்சையே நிறுத்திவிடும். நம் கிராமங்களில் ஊர் தனி, காலனி தனியாக இருக்கிறது. காலனிப் பக்கம் புள்ளிகள் கூடிய படம் ஒன்று வெளியே போனால், அங்கே குழாயில் நல்ல தண்ணீர் வரவில்லை என்று யாரும் படிக்க மாட்டார்கள். அந்த மக்கள் மேல் பழி போடத்தான் அது பயன்படும். அதனால் புள்ளிப் படம் வேலை செய்பவரோடு நிற்க வேண்டும், மேலே போகும் படம் பகுதி வாரியான நிறப்படமாக இருக்க வேண்டும், பெயரும் கைபேசி எண்ணும் வரைபடக் கோப்புக்குள்ளேயே ஏறக் கூடாது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வராவிட்டாலும் நம்மை நம்பிக் கதவைத் திறந்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது இது. பயிற்சியின் முதல் மணி நேரமே இதற்காக ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பயிற்சி எப்படி இருக்கலாம் என்பதற்கு என் அனுபவத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். இரண்டு நாள் தொடர்ச்சியாக வேண்டாம். வாரம் ஒரு மதியம், ஆறு அல்லது எட்டு வாரம். வட்டார அளவில், பத்துப் பேருக்கு மேல் போகாமல். ஒவ்வொருவரும் தன் பகுதியின் பட்டியலோடு வரட்டும். முதல் வாரம் தன் ஊரைத் திரையில் கண்டுபிடித்து, தன் துணை நிலையத்தின் எல்லையைத் தானே வரையட்டும். எங்கள் வட்டாரத்தில் ஐந்து சிஸ்டர்களுக்கு நான் இப்படிச் சொல்லிக்கொடுத்தேன். செயற்கைக்கோள் படத்தில் தன் ஊர்க் கண்மாயையும் பள்ளிக்கூடத்தையும் கண்ட உடனே அவர்களில் மூத்தவர், மௌஸைச் சரியாகப் பிடிக்கவே தயங்கியவர், "இந்த ஓடைக்கு அந்தப் பக்கம் பதினாலு வீடு இருக்கு, அது யார் கணக்கிலயும் இல்ல" என்றார். முப்பது வருட அனுபவம் அது. அந்தப் பதினாலு வீட்டுக்கும் அந்த மாதமே தடுப்பூசிப் பட்டியல் எழுதினோம்.

பயிற்சி முடிந்த பிறகு சந்தேகம் கேட்க மாவட்டத்துக்கு ஒருவர் வேண்டும். எனக்கு இரண்டு வாரம் ஆன கேள்விகள் மற்றவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும் என்பதற்காக இதைக் கேட்கிறேன். கையேடு தமிழில் வேண்டும், திரையில் தெரியும் ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டு, அது என்ன செய்யும் என்று விளக்கி. புதிய கணினி கேட்கவில்லை. நிலையங்களில் இருப்பதிலேயே ஓடும், மெதுவாக ஓடும், பரவாயில்லை. களத்தில் க்யூஃபீல்ட் என்ற இலவசச் செயலி ஆண்ட்ராய்டு கைபேசியிலேயே வேலை செய்கிறது. மலைக் கிராமங்களில் சிக்னல் இல்லாவிட்டாலும் பதிந்துகொள்ளும். ஆனால் ஒன்று, இது ஏற்கெனவே நிரப்பும் பதிவேடுகளுக்கும் செயலிகளுக்கும் மேல் இன்னொரு சுமையாக வந்தால் யாரும் தொடமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஏற்கெனவே ஒரு முறை பதிந்த தகவலை, பதிந்தவருக்கே கோப்பாகத் திருப்பிக் கொடுங்கள். இப்போது எல்லாம் மேலே போகிறது. திரும்பி எங்களுக்கு வருவது நிறம் போட்ட ஒரு படம் மட்டும்தான். எங்கள் பட்டியல் எங்கள் கைக்கு வந்தால் மீதியை நாங்கள் செய்துகொள்வோம்.

நான் வரைந்த துணை சுகாதார நிலைய எல்லைகள், குடிநீர்க் குழாய்ப் பாதைகள், ஊர்ப்பெயர்களுக்கும் உள்ளாட்சி எண்களுக்கும் போட்டு வைத்த பட்டியல் எல்லாம் தயாராக இருக்கின்றன. அவற்றில் நோயாளிகளின் விவரம் எதுவும் இல்லை. கேட்கும் வட்டாரத்துக்கு மாதிரியாகக் கொடுக்கிறேன். சனிக்கிழமை மதியங்களில் பக்கத்து வட்டாரங்களுக்கு வந்து சொல்லிக்கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். பயணப்படி வேண்டாம், வெளியே போக அனுமதி மட்டும் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. முதல் வகுப்பை அதற்குள் தொடங்கிவிட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு சுகாதார ஆய்வாளர்,
திண்டுக்கல் மாவட்டம்